பள்ளிக் கபடி அணியைப் பயிற்றுவித்தல்: ஆடி முடித்தவருக்கான முழுமையான வழிகாட்டி

கபடி ஆடி ஓய்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் ஊர்களில் பஞ்சமில்லை. கல்லூரி அணியிலோ, ஏதேனும் ஒரு துறை அணியிலோ, ஊர்ப் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு மின்னொளிப் போட்டிகளிலோ சில ஆண்டுகள் ஆடிவிட்டு ஊர் திரும்பியவரிடம், அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் "தம்பி, சாயங்காலம் வந்து பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்று கேட்பது வழக்கமாக நடப்பதுதான். அப்படிக் கேட்கப்பட்டவருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று ஊரும் பள்ளியும் எளிதாக நம்பிவிடுகின்றன. ஆனால் ரெய்டராக (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய்த் தொட்டு வருபவராக) இருந்தவர் ஏழு ரெய்டர்களை உருவாக்கிவிட்டுப் பிடிக்க ஆளில்லாமல் தோற்பதும், கார்னராக (பிடிக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவராக) இருந்தவர் எட்டுப் புள்ளி எடுக்க முடியாத அணியைக் களத்தில் நிறுத்துவதும் குறுவட்டப் போட்டிகளில் ஆண்டுதோறும் காணக் கிடைக்கும் காட்சிகள். தன் ஆட்டத்தைப் பிள்ளைகள்மேல் ஏற்றாமல், அந்த ஆட்டம் தனக்குள் எந்த வரிசையில் உருவானது என்பதைப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்வதே முன்னாள் ஆட்டக்காரரின் முதல் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: பள்ளியோடு பேசி முடிக்க வேண்டியவை

களத்தில் இறங்கும் முன் தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுங்கள். நீங்கள் அந்தப் பள்ளியின் ஊழியர் அல்லர் என்பதால், பயிற்சி நேரம், பொறுப்பாசிரியர் யார், வெளியூர்ப் போட்டிக்கு யார் உடன் வருவார், காயம் பட்டால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது ஆகிய ஐந்தும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் ஒருமுறை உங்களை அறிமுகப்படுத்தச் சொல்வதும் நல்லது. பெற்றோர் முகம் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் எழாமலே போகும்.

உடற்கல்வி ஆசிரியர் உங்களுக்குப் போட்டியாளர் அல்லர். பதிவேடு, வயதுச் சான்று, நுழைவுப் படிவம், பேருந்துக் கட்டணம் என்று நீங்கள் பார்த்திராத வேலைகளை எல்லாம் அவர்தான் பார்க்கிறார். மாணவர்கள் முன்னிலையில் அவரை எப்போதும் "சார்" என்றே அழையுங்கள், களத்தில் அவரோடு விளையாடியிருந்தாலும் சரி. அவர் சொன்னதை நீங்கள் மாற்ற விரும்பினால் அதைப் பயிற்சி முடிந்த பிறகு தனியே பேசுங்கள்.

பெண்கள் அணியானால் ஓர் ஆசிரியை எப்போதும் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பேரத்திற்கு இடமில்லாத நிபந்தனையாக வையுங்கள். கபடி உடலைத் தொட்டு ஆடும் ஆட்டம். பிடியைக் கற்பிக்கும் ஆண் பயிற்சியாளர் தன் கையால் செய்துகாட்டக் கூடாது. மூத்த மாணவி ஒருத்திக்கோ, கல்லூரியில் ஆடும் பழைய மாணவிக்கோ சொல்லிக் கொடுத்து அவர்கள் மூலமாகவே செய்துகாட்டுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பயிற்சியாளருக்கும் பொருந்தும். மாணவர்களோடு தனியே வண்டியில் செல்வதையும் இரவில் தனிப்பட்ட செய்திகள் அனுப்புவதையும் அடியோடு தவிர்ப்பது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. இது மாணவர் அணிக்கும் அப்படியே பொருந்தும்.

படி 2: விதிப்புத்தகத்தை மாணவனைப் போலப் படியுங்கள்

ஆடியவர்கள் விதிகளைக் கேள்வி ஞானமாகவே அறிந்திருப்பார்கள். ஊர்ப் போட்டிகளில் நடுவர் கண்டுகொள்ளாமல் விடும் பல விஷயங்கள் பள்ளிப் போட்டியில் புள்ளியாகப் போய்விடும். எதிர்க்களத்தைத் தொடும் முன்பே "கபடி" என்று பாடத் தொடங்கியிருக்க வேண்டும், அது தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது விதி. முணுமுணுத்துக்கொண்டே ஓடிப் பழகிய பையன் முதல் பாடலிலேயே திருப்பி அனுப்பப்படுவான். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. யாரையும் தொடாமல் திரும்புகிறவர், எதிர்க்களத்தில் நடுக்கோட்டை அடுத்து வரும் பாக் கோட்டையாவது தாண்டியிருக்க வேண்டும். பாக் கோட்டுக்கும் அப்பால் இருக்கும் போனஸ் கோட்டைக் கடந்தால் கிடைக்கும் போனஸ் புள்ளி, எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போதுதான் உண்டு. போனஸ் கோட்டைக் கடக்கும் கால் தரையில் ஊன்றும்போது பின்கால் காற்றில் இருக்க வேண்டும். போனஸ் புள்ளியால் வெளியே இருப்பவர் உள்ளே வர மாட்டார் என்பதைப் பல மாணவர்கள் போட்டி நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கையில் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் லோனாவுக்கு இரண்டு புள்ளி.

வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவதும், காலைக் கத்தரிக்கோல்போலப் பின்னிப் பிடிப்பதும் தவறு. உடலில் எண்ணெய் தடவக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். கைக்காப்பு, கழுத்துக் கயிறு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் பயிற்சியிலேயே கழற்றப் பழக்குங்கள். கோயில் கயிற்றைக் கழற்ற மாட்டேன் என்று போட்டி நாளில் களத்தோரம் நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த அப்போது நேரம் இருக்காது.

ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஆண்களுக்கு 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். பெண்களுக்கு 15 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக நடக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்குமான எடை வரம்பும் பிறந்த தேதி வரம்பும் அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் வரும். போன ஆண்டுக் கணக்கை நம்பி அணி அமைக்காமல், உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு அந்தத் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேர்வு

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரு வாரங்களில் தேர்வை வைத்துக்கொள்வது நல்லது. குறுவட்டப் போட்டிகள் சீக்கிரமே வந்துவிடும். ஏற்கெனவே கபடி ஆடுகிறவர்களை மட்டும் அழைக்காதீர்கள். கோகோ ஆடும் பிள்ளையிடம் திசை மாற்றும் வேகமும், மல்லுக்கட்டிப் பார்க்கிற பின்வரிசைப் பையனிடம் பிடிக்குத் தேவையான இடுப்பு வலுவும், நீளம் தாண்டுகிறவனிடம், பிடிப்பவர்கள் கைகோத்து நிற்கும் செயினைத் தாண்டும் கால்களும் இருக்கலாம். இரு வாரத்தில் யார் எத்தனை பேரைத் தொட்டார்கள் என்று பார்ப்பதைவிட, சொன்னதைக் கேட்டு அடுத்த முறை மாற்றிச் செய்தது யார், தோழன் தவறு செய்தபோது யார் திட்டினார், யார் தட்டிக்கொடுத்தார் என்பதையே நான் அதிகம் கவனிப்பேன்.

களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று வீரர்கள் ஐந்து பேர் என்று பன்னிருவர் போதும். ஆனால் பயிற்சிக்குப் பதினெட்டுப் பேராவது இருந்தால்தான் எதிரணியாக நிற்க ஆளிருக்கும். அணியில் இடம் கிடைக்காத அந்த ஆறு பேரைப் பந்து பொறுக்கப் போடுவதுபோல நடத்தினால் அவர்கள் மூன்றாம் வாரமே வராமல் போய்விடுவார்கள்.

வயதுச் சான்றில் பொய் வயது காட்டச் சொல்லி யாராவது வருவார்கள். ஊர்ப் பெரியவராகவும் இருக்கலாம். முடியாது என்று முதல் முறையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: உங்கள் உடல் அறிந்ததை வார்த்தையாக்குங்கள்

இதுதான் முன்னாள் ஆட்டக்காரருக்கு மிகவும் கடினமான பகுதி. கார்னரில் நின்று நூறு கணுக்கால்களைப் பிடித்தவரிடம் "எப்படிப் பிடித்தீர்கள்?" என்று கேட்டால், "சட்டென்று பிடித்துவிட வேண்டும்" என்பார். அந்தச் "சட்டென்று" என்ற ஒன்றுக்குள் ஐந்தாறு செயல்கள் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைக் கடத்த முடியாது. எனவே ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்கு நன்றாக வரும் ஒரு பிடியை, பார்த்திராத ஒருவருக்கு எழுதுவதுபோல எழுதிப் பாருங்கள். எழுதியதை நண்பர் ஒருவரைக் கொண்டு மெதுவாகச் செய்ய வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, நீங்கள் எழுதாமல் விட்டது என்ன என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, இடது கார்னரின் கணுக்கால் பிடி. முதலில் பார்வை: ரெய்டரின் கையும் தோளும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது, ஆகவே கண் இடுப்பில் இருக்க வேண்டும். அடுத்து நிற்கும் நிலை: குதிகால் சற்றே தூக்கி, முழங்கால் மடங்கி, கைகள் முழங்காலுக்கு முன்னே தளர்வாக இருக்க வேண்டும், தொடையில் கையூன்றி நிற்கும் பிள்ளை எழுவதற்குள் ரெய்டர் போய்விடுவார். மூன்றாவது நேரம்: போனஸுக்காக ஒரு காலை நீட்டி ஊன்றி, பின்காலைக் காற்றில் தூக்கும் அந்த நொடியில் ரெய்டரின் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இருக்கிறது, அப்போது அவரால் அந்தக் காலை எடுக்க இயலாது. நான்காவது நுழைவு: கைகள் போகும் முன் கால் போக வேண்டும், காலடி வைக்காமல் கையை மட்டும் நீட்டிப் பாய்கிறவர்தான் தொடப்பட்டு வெளியேறுகிறார். ஐந்தாவது பிடி: ஒரு கை குதிகாலுக்கு மேலே, மற்றது முன்புறம், இரண்டும் கணுக்காலைப் பூட்டியபடி காலைத் தன் மார்புப் பக்கம் தூக்கி இழுக்க வேண்டும். தலை, ரெய்டரின் முழங்காலுக்கு வெளிப்புறமாகவே இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் முழங்கால் மூக்கையோ பல்லையோ உடைக்கும். ஆறாவது, கவரில் (கார்னருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையில்) நிற்பவர் வந்து சேரும்வரை விடாமல் வைத்திருப்பது. கார்னரின் வேலை நிறுத்துவது மட்டுமே, முடிப்பது கவரின் வேலை.

இந்த ஆறையும் ஒரே மாலையில் சொல்லாதீர்கள். முதல் நாள் பார்வையும் நிலையும் மட்டும். எதிரே ஒருவர் நடந்து மட்டும் வரட்டும், கார்னர் பிடிக்காமல் "இப்போது" என்று குரல் மட்டும் கொடுக்கட்டும். நேரம் சரியாகச் சொல்லத் தெரிந்த பிறகே கை போக வேண்டும். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் பயிற்சிதான். மூன்றாம் நாளே "மாஸ்டர், மேட்ச் வைங்க" என்று கேட்பார்கள். பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஆட்டத்திற்கு ஒதுக்கிவிட்டால் முதல் ஒரு மணி நேரம் உங்களுடையதாகும்.

செய்துகாட்ட வேண்டிய இடத்தில் செய்துகாட்டுங்கள், ஆனால் பயிற்சி ஆட்டத்தில் நீங்களே இறங்கி ஆடாதீர்கள். வளர்ந்த உடலின் எடையைப் பள்ளிப் பிள்ளையின் முழங்கால் தாங்காது என்பது ஒரு காரணம். களத்துக்குள் நிற்பவரால் மற்ற ஆறு பேரைப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. "நாங்கள் ஆடும்போது" என்று தொடங்கும் கதைகளும் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு வராத பாதியை யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். ரெய்டராக இருந்தவர் ஊரில் இருக்கும் பழைய பிடிகாரரை அழைத்து வருவதில் எந்த வெட்கமும் இல்லை. முறையாகவே கற்க விரும்பினால், பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் நடத்துகிறது. ஆடியவர் பயிற்சியாளராகி உயர முடியும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை: தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்கு ஆடிய காசிநாதன் பாஸ்கரன் பயிற்றுவித்த ஜெய்ப்பூர் அணிதான் 2014-இல் முதல் புரோ கபடி லீக்கை வென்றது.

படி 5: பிடியை முதலில், ரெய்டைப் பிறகு

பள்ளி அளவில் பெரும்பாலான அணிகள் இரண்டு ரெய்டர்களை நம்பியே வருகின்றன. அவர்களைப் பிடிக்கத் தெரிந்த அணி மாவட்ட அளவு வரை தடையின்றிப் போகும். அதனால் முதல் ஆறு வாரங்களில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தைப் பிடிக்குக் கொடுப்பது என் கருத்து. கார்னர், கவர் ஆகிய இருவரும் ஓர் இணையாக வளர வேண்டும். அவர்களை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள். கைகோத்து நிற்கும் செயினில் யார் எப்போது கையை விட வேண்டும் என்பதற்கு ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடி தவறும் இடங்களில் பெரும்பாலானவை ஒருவர் பாய மற்றவர் நிற்பதால் நேர்பவை.

ரெய்டில் முதலில் கற்பிக்க வேண்டியது திரும்பி வருவது. ஆள் இல்லாத களத்தில் பாடிக்கொண்டே போய், பாக் கோட்டைத் தாண்டி, வினாடி எண்ணும் குரலைக் கேட்டு, இருபத்தைந்துக்குள் நடுக்கோட்டுக்கு வரப் பழக்குங்கள். மூச்சும் கணக்கும் கைவந்த பிறகு கைத்தொடுகை, கால் நீட்டித் தொடுதல், பின் உதை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். குனிந்து செயினுக்கு அடியில் நுழையும் டுப்கியையும் தலைக்கு மேல் தாண்டுவதையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பார்கள். கழுத்து வலுப்பெறாத பிள்ளைக்கு அவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

படி 6: எடையும் சாப்பாடும்

எடைப் பிரிவு உள்ள ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு எடைக் குறைப்பில்தான் இருக்கிறது. வரம்புக்கு மேல் இரண்டு கிலோ இருக்கும் பையனைத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடவைத்தும், போட்டிக்கு முந்திய நாள் பட்டினி போட்டும் தராசில் ஏற்றுவது பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அப்படி ஏறியவனுக்கு அடுத்த நாள் ஆட்டத்தில் தசைப்பிடிப்பும் தலைச்சுற்றலும் வரும். வளரும் வயதில் திரும்பத் திரும்பச் செய்தால் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் கேடு. ஜூனிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்து எழுதிவாருங்கள். ஒருவர் வரம்பைத் தாண்டப் போகிறார் என்று ஆகஸ்டிலேயே தெரிந்தால் மேல் பிரிவுக்கு மாற்றலாம், அல்லது அந்த ஆண்டு ஆடாமல் பயிற்சியில் மட்டும் இருக்கச் சொல்லலாம். எடை குறைப்பதற்காக ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லை.

மறுபக்கம், போதிய உணவின்றி வருகிற பிள்ளைகள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. பதினொன்றாம் வகுப்பு மாணவன் காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்து, மாலையில் ஒன்றரை மணி நேரம் மோதுகிறான் என்றால் அவனிடம் வேகம் எதிர்பார்க்க முடியாது. பழைய மாணவர்களிடம் பேசி மாலைப் பயிற்சிக்குப் பின் சுண்டல், வாழைப்பழம், கடலைமிட்டாய், வாரம் இருமுறை முட்டை என்று ஏற்பாடு செய்யுங்கள். கோப்பையும் பனியனும் வாங்கித் தர முன்வருகிறவர்களிடம் சுண்டலுக்குக் கேட்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

படி 7: காயம்

களத்தைப் பயிற்சிக்கு முன் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். கல், கண்ணாடித் துண்டு, முள் மூன்றையும் தேடி எடுக்க ஐந்து நிமிடம் போதும். மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து மென்மையாக வைத்திருங்கள். மண்ணில் மட்டுமே ஆடிய பிள்ளைக்கு மேட் எனும் செயற்கை விரிப்பில் கால் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் நிற்கும், முழங்கால் போய்விடும். மேல்நிலைப் போட்டி மேட்டில் நடக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சில நாளாவது, மேட் இருக்கும் இடத்தில் காலணியோடு பயிற்சி கொடுத்தாக வேண்டும்.

விழுவதையும் ஒரு பாடமாக வையுங்கள். கையை ஊன்றி விழுகிறவருக்கு மணிக்கட்டும் தோளும் போகும். தாடையை மார்போடு சேர்த்து, உருண்டு விழப் பழக்க வேண்டும். கணுக்கால் சுளுக்குக்கு ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி ஓய்வு. எண்ணெய் போட்டு நீவி அன்றே ஆட வைக்கும் ஊர் வைத்தியம் வேண்டாம். தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும், வாந்தி வந்தாலும், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொன்னாலும் அன்றைய ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது, அது இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. மருத்துவர் சொல்லும் வரை திரும்பவும் இறக்கக் கூடாது.

படி 8: போட்டி நாள்

அன்று புதிதாக எதையும் கற்பிக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் எதிரணியின் ரெய்டர்கள் எந்தப் பக்கம் பாடுகிறார்கள், போனஸுக்கு எந்தக் காலை நீட்டுகிறார்கள் என்பதை மாற்று வீரர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கும் அது ஒரு வேலை. ஒரு பாதிக்கு முப்பது வினாடி இடைவேளை இரண்டு கேட்கலாம். முப்பது வினாடியில் ஏழு பேரிடம் ஏழு விஷயம் சொல்ல முடியாது. "வலது கார்னர், போனஸுக்கு மட்டும் போ" என்பதுபோல ஒன்று, அதிகமானால் இரண்டு. ஐந்து புள்ளி முன்னிலையில் கடைசி மூன்று நிமிடம் என்றால் ரெய்டர் பாக் கோட்டைத் தாண்டிப் பத்திரமாகத் திரும்பினால் போதும் என்பதைப் பயிற்சியிலேயே ஆடிப் பழக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் பார்வையாளர்களின் கூச்சலில் பிள்ளைகள் அதை மறந்து வீரம் காட்டப் போவார்கள்.

நடுவரோடு வாதம் வேண்டாம். கேட்க வேண்டியதைத் தலைவன் மரியாதையாகக் கேட்கட்டும். நீங்கள் கோட்டோரம் நின்று கத்துவதை உங்கள் அணி முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த போட்டியில் அதையே செய்யும்.

படி 9: மின்னொளிப் போட்டி, படிப்பு, சான்றிதழ்

நன்றாக ஆடத் தொடங்கிய பிள்ளையை ஊர் அணிகள் அழைக்கும். கோயில் திருவிழாவையொட்டி இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் போட்டிகளில் முப்பது வயது ஆட்களோடு மோதிவிட்டு, கையில் ஐந்நூறு ரூபாயோடு வந்து மறுநாள் வகுப்பில் தூங்குவார்கள். நாமும் அப்படி வந்தவர்கள்தான் என்பதால் முற்றிலும் தடுக்க நமக்கு வாய் வருவதில்லை. ஆனாலும் தேர்வுக் காலத்திலும் பள்ளிப் போட்டிக்கு முந்திய வாரத்திலும் கூடாது, மற்ற நாட்களில் பெற்றோருக்கும் உங்களுக்கும் தெரிந்தே போக வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊர் அணியும் பள்ளி அணியும் ஒன்றுக்கொன்று தெரிந்தே இயங்கினால் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே இழுபட மாட்டார்கள்.

காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். மார்ச் மாதப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஜனவரிக்குப் பின் வாரம் இரு நாள் பயிற்சி போதும். மிகத் திறமையானவர்களை உங்களிடமே வைத்துக்கொள்ள ஆசை வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவர்களை அனுப்பிவையுங்கள். அங்கே மேட்டும் உணவும் முழுநேரப் பயிற்சியாளரும் கிடைக்கும்.

ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அன்றே வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும், தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கின்றன. தலைப்பெழுத்து ஒன்று மாறியிருப்பதால், நான்காண்டு உழைத்த பிள்ளை சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்படலாம். திருத்தம் வேண்டுமானால் நடத்திய அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் கேட்டால் எளிது. ஆண்டு கழிந்தால் அதிகாரிகளும் மாறியிருப்பார்கள், கோப்பும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, பள்ளியில் உள்ள அணிக் கோப்பில் ஆண்டு வாரியாகச் சேர்த்து வையுங்கள்.